பீரோ மேல தூங்குற நோட்டா... பையில வர்ற நோட்டா?

உங்கள் காலேஜ் பையை ஒரு நிமிஷம் திறந்து பாருங்களேன். டிபன் பாக்ஸ், சார்ஜர், பஸ் பாஸ், மூடி தொலைந்த ரெண்டு பேனா, போன செமஸ்டர் ஹால் டிக்கெட், எப்பவோ வாங்கித் தூளாகிப்போன கடலை மிட்டாய்... எல்லாம் இருக்கும். சரி, உங்களுக்குப் படம் வரையப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் அடுத்த கேள்வி. அந்தப் பையில் வரைவதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறதா?

"அதுவா... வீட்ல இருக்குங்க!"

பிரச்னையே அங்கேதான் பாஸ்! நாம் பார்க்கிற சுவாரஸ்யமான முகங்களும் மரங்களும் டீக்கடைகளும் வெளியே இருக்கின்றன. நோட்டு மட்டும் வீட்டில் இருக்கிறது. ரெண்டும் எப்போது சந்திப்பது? இந்தக் கட்டுரை, அந்த ரெண்டையும் சந்திக்க வைப்பதைப் பற்றி. எந்த நோட்டை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்க முடியாவிட்டால் எப்படி நாமே செய்வது... எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள்.

எக்ஸ்ரே எடுத்துட்டு வர்றியா?

எனக்குத் திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் காலேஜ். காலையில் பாசஞ்சர் ரயில், சாயங்காலம் கிடைக்கிற பஸ். முதலாண்டு ஸ்காலர்ஷிப் பணம் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு பெரிய ஸ்கெட்ச் புக் வாங்கியது. ஏ-3 சைஸ். கெட்டி அட்டை, பால் மாதிரி வெள்ளைத் தாள். கடையில் தடவிப் பார்த்தபோதே நான் பாதி ஓவியன் ஆகிவிட்டேன்!

அது என் பையில் நுழையாது என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. கையில் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினால், எதிர் சீட்டுப் பெரியவர் அக்கறையாக விசாரித்தார்: "என்ன தம்பி, எக்ஸ்ரே எடுத்துட்டு வர்றியா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாவது நாள் நோட்டு பீரோ மேல் ஏறிவிட்டது.

அளவு மட்டும் காரணம் இல்லை. உண்மையைச் சொன்னால், பயம். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய தாளில் கோணல்மாணலாக எதையாவது வரைந்து கெடுத்துவிட்டால்? அதனால் மனசுக்குள் ஒரு திட்டம் போட்டேன். கை நன்றாகப் படியட்டும். அப்புறம் முதல் பக்கத்தில் எங்கள் ஆயாவை முழுசாக, நிதானமாக வரைய வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற மாதிரி. அதுவரை நோட்டு புதுசாகவே இருக்கட்டும்.

இருந்தது. ரொம்ப நாள் புதுசாகவே இருந்தது.

பாசஞ்சரில் ஒரு பாடம்

அதே ரயிலில் தினமும் ஒரு சீனியர் அண்ணன் வருவார். என்ன டிபார்ட்மென்ட் என்றுகூட எனக்குத் தெரியாது. மயிலம் தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுப்பார். கோடு போடாத சாதா நோட்டு. நீல பால்பாயின்ட் பேனா. பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் நிற்கும்போது கிறுக்குவார். வண்டி கிளம்பினால் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். விழுப்புரம் வருவதற்குள் ரெண்டு பக்கம் நிறைந்திருக்கும். தூங்கி விழுகிற ஒருத்தர், கூடைக்கார அம்மாவின் முதுகு, மேல் பெர்த்தில் தொங்குகிற கால்.

ஒருநாள் தைரியமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, ஸ்கெட்ச் புக்ல வரைய மாட்டீங்களா?"

"இது என்னவாம்?"

"இல்ல... நல்ல பேப்பர்ல..."

"நல்ல பேப்பர் எங்க இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு இருக்குண்ணா. வீட்ல."

அவர் சிரித்தார். "தம்பி, வீட்ல இருக்கறது நோட்டு இல்ல, பொருள். கையில இருக்கறதுதான் நோட்டு."

அவ்வளவுதான் பேசினார். நோட்டைப் புரட்டிப் பார்க்கக் கொடுத்தார். நிறையப் படங்கள் சரியாக வரவில்லை. சில படங்களில் மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். ஆனால், மொத்த நோட்டும் அந்த ரயில் மாதிரியே இருந்தது. மறுநாளே நானும் ஒரு குட்டி நோட்டு வாங்கினேன்.

பெரிய ஆட்களும் சின்ன நோட்டும்

இது ஏதோ காசில்லாத ஸ்டூடன்ட் சமாளிப்பு என்று நினைக்காதீர்கள். லியனார்டோ டாவின்சி, ஓவியர்கள் எப்போதும் ஒரு சிறிய நோட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும், தெருவில் பார்க்கிற மனிதர்களின் அசைவுகளை உடனே குறித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அவருடைய சட்டைப் பை சைஸ் நோட்டுகள் சில இன்றும் லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தின் டர்னர், ஊர் ஊராகச் சுற்றி நிரப்பிய ஸ்கெட்ச் புக்குகள் கிட்டத்தட்ட 300. அவற்றில் பல, பாக்கெட்டுக்குள் அடங்குகிறவை.

நம் பக்கம் வாருங்கள். 'சில்பி' என்ற பெயரில் வரைந்த பி.எம்.சீனிவாசன் (1919 - 1983), கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துக் கோடு போட்டவர். ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' அப்படி உருவானதுதான். போட்டோவைப் பார்த்து வீட்டில் வரைந்திருந்தால் அந்தக் கல்லின் குளிர்ச்சி படத்தில் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2007-ல் கேப்ரியேல் கம்பனாரியோ என்ற அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் ஆரம்பித்த 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' இயக்கமும் இதே கதைதான். இருக்கிற இடத்திலேயே, நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பதுதான் அவர்களின் முக்கிய விதி. இன்று உலகம் முழுக்க நகரங்களில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. அதில் சேர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பாசஞ்சர் ரயிலில் அந்த அண்ணன் தினமும் செய்ததும் அதுதானே!

கடையில் அஞ்சு டெஸ்ட்

சரி, இப்போது கடைக்குப் போகலாம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டேஷனரி கடையோ, பாண்டிச்சேரியின் ஆர்ட் கடையோ, எங்கே போனாலும் இந்த அஞ்சு டெஸ்டையும் வைத்துப் பாருங்கள்.

1. பை டெஸ்ட்: காலேஜ் பையைக் கையோடு கொண்டுபோங்கள். டிபன் பாக்ஸையும் புத்தகங்களையும் வெளியே எடுக்காமல் நோட்டு உள்ளே போகிறதா? ஏ-5 என்பது 148 x 210 மி.மீ. ஏ-4 தாளில் சரிபாதி. அநேகமாக எல்லாப் பையிலும் நுழையும். ஏ-6 அதிலும் பாதி, 105 x 148 மி.மீ. சட்டைப் பைக்குள் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். பேன்ட் பாக்கெட், ஹேண்ட்பேக் எதிலும் அடங்கும். முதல் நோட்டுக்கு இந்த ரெண்டில் ஒன்று போதும்.

2. நிற்கிற டெஸ்ட்: நோட்டைத் திறந்து, இடது கையில் ஏந்தி, நின்றபடியே வரைவது மாதிரி பாவனை செய்யுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை! அட்டை வளைந்தால் அந்த நோட்டு மேஜைக்குத்தான் லாயக்கு. நமக்கு உட்கார மேஜை ஏது? கூட்டமான பஸ்ஸில் கம்பியில் சாய்ந்துகொண்டு வரைய வேண்டிய ஆள் நாம். பின் அட்டை கெட்டியாக இருக்கட்டும்.

3. விரிகிற டெஸ்ட்: நடுப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். தானாக மூடிக்கொண்டால் ஜாக்கிரதை. தாள்களை வெறும் பசையால் ஒட்டிய நோட்டு, அழுத்தி விரித்தால் பக்கம் பக்கமாகக் கழன்று வரும். நூலால் தைத்த நோட்டு தட்டையாக விரியும். ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரையலாம். ஸ்பைரல் நோட்டை முழுசாக மடக்கிக்கொள்ளலாம், அது வசதி. ஆனால் கம்பி பைக்குள் நசுங்கும், துப்பட்டாவில் மாட்டும். பக்கங்கள் ஒன்றோடொன்று உரசுவதால் பென்சில் படமும் கலையும்.

4. முதுகு டெஸ்ட்: கடைக்காரரிடம் கேட்டு, கடைசிப் பக்க மூலையில் உங்கள் பேனாவால் நாலு கோடு போட்டுப் பாருங்கள். திருப்பிப் பார்த்தால் மை தெரிகிறதா? லேசாகத் தெரிந்தால் ஓகே. ஊறிக்கொண்டு அடுத்த தாளுக்கே போனால், அந்த நோட்டில் ஒரு பக்கம்தான் பயன்படும். 100 பக்க விலைக்கு 50 பக்கம்!

5. பய டெஸ்ட்: இதுதான் முக்கியம். விலையைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, முதல் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு மோசமான படம் போடுவதாகக் கற்பனை செய்யுங்கள். மனசு 'ஐயோ' என்கிறதா? அப்படியானால் அந்த நோட்டு உங்களுக்கு இப்போது வேண்டாம். 'போனாப் போவுது' என்று சொன்னால் உடனே பில் போடச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.எம். என்கிற கணக்கு

நல்ல நோட்டுகளின் அட்டையில் 'ஜி.எஸ்.எம்.' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. ஜெராக்ஸ் கடையில் பார்க்கிற ஏ-4 தாள் பெரும்பாலும் 70 முதல் 80. பென்சிலுக்கும் பால்பாயின்ட்டுக்கும் இதுவே போதும். ஸ்கெட்ச் பேனா, இங்க் பேனா என்றால் 100-க்கு மேல் இருந்தால் நல்லது. லேசாக வாட்டர்கலர் பூச வேண்டும் என்றால் 200-க்காவது போக வேண்டும். நிறையத் தண்ணீர் விட்டு விளையாடுகிறவர்கள் 300-ஐத் தேடுவார்கள். தாள் மெலிந்தால், ஈரம் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும்.

"அப்ப 300-யே வாங்கிடலாமே?" என்றால், கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஏ-4 தாள் என்பது ஒரு சதுர மீட்டரில் 16-ல் ஒரு பங்கு. ஏ-5 என்றால் 32-ல் ஒரு பங்கு. 120 ஜி.எஸ்.எம். தாளில் 80 தாள் கொண்ட ஏ-5 நோட்டு, அட்டை இல்லாமலே 300 கிராம். அதே 80 தாள் 300 ஜி.எஸ்.எம். என்றால் முக்கால் கிலோ! தினமும் முக்கால் கிலோவை யார் சுமப்பது? ஒரு வாரம் சுமப்போம், அப்புறம் 'இன்னைக்கு வேணாம்' என்போம். அடுத்து பீரோதான். கனமான தாள் வேண்டும் என்றால், தாள் எண்ணிக்கை குறைந்த நோட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. விழுப்புரத்திலிருந்து ரயிலேறினால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பாண்டிச்சேரி. அங்கே 1959-லிருந்து அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, தாளாக எடுக்கிறார்கள். மரம் வெட்டாமல் வருகிற தாள்! ஆனால் ஒரு விஷயம்: சொரசொரப்பான கைக்காகிதத்தில் பென்சிலும் கரியும் அழகாகப் பிடிக்கும், கூர்மையான பேனா முனை நாரில் சிக்கித் தடுமாறும். அதனால் அங்கேயும் உங்கள் பேனாவோடுதான் போக வேண்டும்.

பட்ஜெட் பூஜ்யமா? நீங்களே தையுங்க!

மாசக் கடைசியா? கவலை வேண்டாம். ஆறு ஏ-4 தாள், ஒரு ஊசி, கொஞ்சம் கெட்டி நூல், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. அரை மணி நேர வேலை.

ஆறு தாளையும் குறுக்கே சரிபாதியாக வெட்டுங்கள். 12 தாள் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். 24 இலை, 48 பக்கம் கொண்ட ஏ-6 நோட்டு ரெடி. கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டையை அதே அளவுக்கு வெட்டி வெளியே வையுங்கள். மாப்பிள்ளை - பெண் பெயர் உள்பக்கம் போகட்டும்!

இப்போது மடிப்பின் மேல் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. உள்பக்கமிருந்து நடுத் துளை வழியே ஊசியை வெளியே எடுங்கள். உள்ளே கொஞ்சம் நூல் வால் மிச்சம் இருக்கட்டும். வெளியிலிருந்து மேல் துளை வழியாக உள்ளே வாருங்கள். நடுத் துளையைத் தாண்டி, கீழ்த் துளை வழியே வெளியே போங்கள். திரும்ப நடுத் துளை வழியாக உள்ளே வந்து, ரெண்டு வாலையும் நீளமாக ஓடுகிற நூலுக்கு மேல் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். அவ்வளவுதான்!

80 ஜி.எஸ்.எம். தாள் என்றால் உள்தாள்களின் மொத்த எடை 30 கிராம். பையில் இருப்பதே தெரியாது. முக்கியமாக, இதைக் கெடுக்க யாரும் பயப்பட மாட்டார்கள். பரீட்சை லீவில் உட்கார்ந்து பத்து நோட்டு தைத்துவிட்டால் ஒரு செமஸ்டர் ஓடிவிடும். ஃபிரெண்டின் பிறந்த நாளுக்கு ஒன்று கொடுத்தும் பார்க்கலாம்.

கூட என்ன எடுத்துப் போகணும்?

பெரிய லிஸ்ட் எல்லாம் போடாதீர்கள். லிஸ்ட் நீண்டால் நோட்டு வெளியே வராது. ஒரு பேனா, ஒரு 2பி பென்சில். முடிந்தது. பால்பாயின்ட்டில் ஒரு வசதி: லேசாக அழுத்தினால் மெல்லிய கோடு, கெட்டியாக அழுத்தினால் கருத்த கோடு. வியர்வைக் கை பட்டாலும் சுலபத்தில் கலையாது. ஜெல் பேனா அழகாக ஓடும். ஆனால் சித்திரை மாசத்து விழுப்புரம் பஸ்ஸில் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் மேகம் போட்டுவிடும். கைக்கு அடியில் கர்ச்சீப் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு ரப்பர் பேண்ட் அவசியம். ஜன்னல் சீட் காற்றில் பக்கம் பறக்காமல் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பாலிதீன் கவரும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் மட்டும் வேண்டாம். அழிக்க ஆரம்பித்தால் ரயில் ஊர் போய்ச் சேர்ந்துவிடும், படம் சேராது.

எங்கே திறக்கலாம்?

விழுப்புரம் ஜங்ஷனைவிட நல்ல ஆர்ட் ஸ்கூல் எது? சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, பாண்டிச்சேரி, காட்பாடி என அஞ்சு திசைக்கும் தண்டவாளம் பிரிகிற இடம். எப்போதும் யாராவது மூட்டைமேல் சாய்ந்து காத்திருப்பார்கள். காத்திருக்கிற மனிதர் அதிகம் அசைய மாட்டார். காசு வாங்காத மாடல்!

ஞாயிற்றுக்கிழமை என்றால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் மதிலால் இணைத்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒன்றே ஒன்று இதுதான். மலை ஏறும்போதுதான் நோட்டின் எடை புரியும்! பாறைகளை ஒவ்வொன்றாக வரையப் போகாதீர்கள். கல்யாண மகாலின் அடுக்குகளை முதலில் பிடியுங்கள்.

திண்டிவனத்துக்காரர்கள் கிழக்கே மரக்காணம் உப்பளத்துக்குப் போகலாம். அங்கே ஒரு பாடம் உண்டு. உப்புக் குவியலை வரைய வேண்டியதே இல்லை; தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியுள்ள நிழலை மட்டும் போட்டால் உப்பு தானாக வந்துவிடும். திருவக்கரை கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. கோடாக எடுத்துக்கொள்ள யாரும் தடுக்கப் போவதில்லை.

பனமலைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயிலில், பார்வதியின் சுவரோவியம் ஒன்று மிச்சம் இருக்கிறது. வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த நெளிவும் கோடும் சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. திருக்கோவிலூர் சாலையில் கீழ்வாலைப் பாறைகளில் இருக்கும் செங்காவி ஓவியங்கள் அதைவிடவும் பல நூற்றாண்டு மூத்தவை. வரைந்தவர்களிடம் நோட்டு இல்லை, அதனால் பாறையில் வரைந்தார்கள். நம்மிடம் நோட்டு இருக்கிறது. எனவே பாறையில் ஹார்ட்டின் போட்டு, அம்பு விட்டு, பேர் எழுதுகிற வேலை வேண்டாமே ப்ளீஸ்!

மனிதர்களை வரையும்போது ஒரு மரியாதையும் வேண்டும். முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் கூச்சமாக இருக்கும். அவர்கள் கவனித்துவிட்டால் ஒளிக்காதீர்கள். நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள். "வேணாம்பா" என்றால் பக்கத்தை மூடிவிடுங்கள். பெரும்பாலும் "என் மீசை இவ்ளோதானா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆயாவின் கை

திண்டிவனம் என்ற பெயரே 'திந்திருணி வனம்', அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். எங்கள் ஆயா அதற்குச் சாட்சி மாதிரி. மாசி, பங்குனி வந்தால் திண்ணை முழுக்கப் புளியைக் கொட்டிவைத்துக்கொண்டு, ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டும். கூலி வேலைதான். நான் காலேஜ் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குட்டி நோட்டில் ஆயாவின் கையை வரைவேன். முகம் வரையத் தைரியம் இல்லை. கைதான் ஒரே மாதிரி அசைவை மறுபடி மறுபடி செய்தது, பிடிக்கச் சுலபம்.

ஒருநாள் ஆயா எட்டிப் பார்த்துச்சு. "இன்னாடா இது, கைய மட்டும் போட்டு வச்சிருக்க? என் மூஞ்சி எங்க?"

"மூஞ்சி அப்புறம் ஆயா. பெரிய நோட்டுல, நல்லா வரையணும்."

"ஆமா, நான் செத்தப்புறம் வரைவ" என்று சொல்லிவிட்டுப் புளியைத் தட்டப் போயிடுச்சு. ரெண்டு பேரும் சிரித்தோம்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஆயா தவறிவிட்டது. மாலை போட ஒரு படம் தேடினோம். வீட்டில் இருந்தது அடையாள அட்டையில் உள்ள சின்ன போட்டோ மட்டும். அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். முகம் மொத்தமும் புள்ளி புள்ளியாக, யாரோ மாதிரி இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உன் சின்ன நோட்டு எங்க?" என்று கேட்டார்.

அதில் 11 பக்கம் ஆயாவின் கை இருந்தது. பால்பாயின்ட் கோடு. ஒரு பக்கத்தில் புளிக்கறைகூட. கோணல்தான், விரல் நீளம் தப்புதான். ஆனால் அம்மா விரலை வைத்துக் காட்டினார்: "இந்தக் கட்டைவிரல்ல ஒரு வளைவு இருக்கு பாரு, அரிவாள்மனை வெட்டினது. அத அப்படியே போட்டிருக்க."

நான் அதைத் தெரிந்து வரையவில்லை. கண்ணில் பட்டதை வரைந்தேன், அவ்வளவுதான். அந்த நோட்டு இப்போது ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கிற தகரப் பெட்டியில் இருக்கிறது. எனக்கே கேட்டால்தான் கிடைக்கும்.

பெரிய நோட்டு என்ன ஆனது என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோ மேலிருந்து இறக்கினேன். முதல் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. கத்தியை எடுத்து, அதன் 20 தாளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தாளையும் நாலாக வெட்டினேன். பத்துப் பத்தாக மடித்துத் தைத்தேன். எட்டுக் குட்டி நோட்டு வந்தது. அதில் ஏழு நிறைந்துவிட்டது.

எட்டாவது இப்போது என் பையில் இருக்கிறது. உங்கள் பையில்?